கொழுந்தனாரின் விஸ்கியும் மகளின் வளையலும்

கேள்வி: நானும் என் கணவரும் ஷார்ஜாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போகிறோம். திரும்பும்போது துபாயிலிருந்து மும்பை, அங்கே விமானம் மாறிச் சென்னை. விஷயம் தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களிடமிருந்து ஆளுக்கொரு பட்டியல். கொழுந்தனாருக்கு விஸ்கி, நாத்தனாருக்கு செண்ட், அண்ணன் மகனுக்கு ஏதோ 'வேப்'பாம், தெருவுக்கே சாக்லேட். மகள் வேறு இரண்டு சவரனில் வளையல் எடுத்துத் தருகிறேன் என்கிறாள். ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடையில் எல்லாமே பாதி விலை என்கிறார்களே, கடைசி நாள் அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? கஸ்டம்ஸில் பிடிப்பார்களா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பாதி விலை என்று சொன்னவர் மது வாங்கியவராக இருப்பார். டியூட்டி ஃப்ரீ கடையில் உங்களுக்கு மிச்சமாவது அந்த ஊர் அரசு போடும் வரி மட்டும்தான். அமீரகத்தில் 2018 முதல் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம். ஊருக்குள் சாக்லேட், செண்ட் விலையில் சேர்ந்திருக்கும் வரி குறைவுதான். விமான நிலையக் கடைக்காரர் கொடுக்கும் வாடகையில் அந்த 5 சதவீதம் சுலபமாகக் கரைந்துபோகும். ஆகவே சாக்லேட், பேரீச்சம்பழம், பாதாம் எல்லாவற்றையும் மகளோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், தள்ளுபடி போடும் நாளாகப் பார்த்து வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிடுங்கள். விமான நிலையத்தில் பெரிய பெரிய பொட்டலங்களாக வைத்து ஆசை காட்டுவார்கள். 100 கிராம் என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். நாத்தனாரின் செண்டுக்கும் இதே கதைதான். கிளம்புவதற்கு முன்பே அதன் இந்திய விலையை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மதுவும் சிகரெட்டும் வேறு ரகம். எங்கேயும் அவற்றுக்கு வரி அதிகம், அதனால் வரி போனால் விலை நிஜமாகவே இறங்கும். இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். இந்தக் கடைகளில் பெரும்பாலும் ஒரு லிட்டர் பாட்டில், ஆக ஆளுக்கு இரண்டு.

ஆனால் உங்கள் கொழுந்தனாருக்காக அதைத் துபாயிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. விமானம் மாறும் இடத்தில்தான் சிக்கல் வரும். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் பெரும்பாலும் மும்பையிலேயே முடிந்துவிடும். பிறகு பெட்டியைத் திரும்ப ஒப்படைத்து, உள்நாட்டுப் பயணிகளோடு மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். கையில் பாட்டிலோடு நிற்பது வீண் வாக்குவாதம். மும்பையில் இறங்கியதும், சுங்கத்தைத் தாண்டும் முன்பே, வருகைப் பகுதியிலேயே டியூட்டி ஃப்ரீ கடை உண்டு. பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் காட்டி அங்கே வாங்கி, பெல்ட்டில் பெட்டி வந்ததும் துணிக்கு நடுவே வைத்து, அப்புறம் ஒப்படையுங்கள். அங்கே வாங்கினாலும் அதே 2 லிட்டர் கணக்குதான், கூடுதல் சலுகை கிடையாது. குடியாத்தம் வந்து சேரும்வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேப் என்கிற மின் சிகரெட் வேண்டவே வேண்டாம். அமீரகத்தில் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வெளிப்படையாக விற்பார்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டை உள்ளே கொண்டுவருவதே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அண்ணன் மகனுக்கு ஒரு டி-ஷர்ட் போதும்.

வளையல் விஷயத்தில் மகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நகைக்கென்று தனியாக உள்ள சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புபவருக்குத்தான்: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். அதுவும் நகையாக இருக்க வேண்டும், காசும் பிஸ்கட்டும் சேராது. ஒரு மாதம் தங்கிய உங்களுக்கு அது பொருந்தாது. வரியில்லாமல் கொண்டுவரும் பொருள்களுக்கான பொது வரம்புக்குள்தான் வளையலும் வரும். 2016 விதிகளில் 50,000 ரூபாய் என்று இருந்த அந்த வரம்பை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், புறப்படும் வாரத்தில் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இன்றைய தங்க விலைக்கு இரண்டு சவரன் அதை எளிதாகத் தாண்டிவிடும். கணவர் வரம்பையும் உங்கள் வரம்பையும் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்டவும் விதியில் இடமில்லை. மகள் அங்கேயே குடியிருப்பவள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவளே கையில் போட்டுக்கொண்டு வரட்டும், சலுகை அவளுக்குத்தான் உண்டு. தங்கத்துக்கான இறக்குமதி வரியை 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோதே துபாய்த் தங்கத்தின் பழைய கவர்ச்சி பாதி போய்விட்டது. வேலூர் கடையில் செய்கூலி பேரம் பேசி எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நீங்கள் இங்கிருந்து நிறைய நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், சென்னையில் புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்வி வராது.

சுங்கத்தில் இரண்டு வழி இருக்கும்: வரி கட்ட வேண்டிய பொருள் உள்ளவருக்குச் சிவப்பு, இல்லாதவருக்குப் பச்சை. வரம்பைத் தாண்டிய பொருள் ஏதாவது இருந்தால் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லி வரியைக் கட்டிவிடுங்கள். மறைத்துப் பச்சை வழியில் நடந்து மாட்டிக்கொண்டால்தான் பொருளும் போய் அபராதமும் வரும்.

அங்கே கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, திர்ஹாமிலா?' என்று கேட்பார்கள். திர்ஹாம் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையில் அவர்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மகளுக்குக் குருமா மசாலா அரைத்துக்கொண்டு போவதாக இருந்தால் அதில் கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப் போங்கள். பாகு கசியும், அதனால் கைப்பையில் வேண்டாம், பெட்டியில் வையுங்கள்.