கேட்ச் கேன் மாட்டிய பிறகு டிப்ஸ்டிக் வாயில் ஆயில் கசிவது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன், 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல். வார நாட்களில் வெளிவட்டச் சாலை நெரிசல், மாதத்தில் இரண்டு தடவை சேலம். வால்வில் கரி படியக்கூடாது என்று எஞ்சின் ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் ஆயில் கேட்ச் கேன் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தெரிந்த கராஜில் மாட்டினேன். வால்வு கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக்குழாய்க்குப் போகும் தடித்த ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த வழியில் கேனை வைத்திருக்கிறார்கள். கேனின் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் முனை) 10 மி.மீ., கழற்றிய ஹோஸ் 19 மி.மீ. இப்போது சேலம் போய் வந்தால் டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) வாயைச் சுற்றி ஆயில் ஈரம். கேனுக்குள் காபி நிறத்தில் நுரை. கராஜில் ஐடிலில் வைத்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். மேலே குட்டி ஃபில்டர் வைத்துத் திறந்துவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். உள்ளே ஸ்டீல் நார் அடைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். கேனைக் கழற்றி, பழைய தடித்த ஹோஸை இன்றைக்கே திரும்ப மாட்டிவிடுங்கள். கேன் வேண்டுமென்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே, கிரேங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிரேங்க் கேஸுக்குள் இறங்கும். அதோடு ஆயில் ஆவி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் கலந்திருக்கும். இது வெளியேற உங்கள் எஞ்சினில் இரண்டு வழிகள். ஒன்று பிசிவி வால்வு (இந்த வாயுவை ஒரே திசையில் விடும் வால்வு) வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்கு, போகும் மெல்லிய ஹோஸ். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால் அந்த வழி இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவது) ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும், பிசிவி வால்வு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ரிங்கைத் தாண்டும் வாயுவும் அதிகம். அத்தனையும் வெளியேற மிஞ்சியிருப்பது அந்தத் தடித்த ஹோஸ் ஒன்றுதான். அதைத்தான் உங்கள் கராஜ் குறுக்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 மி.மீ. எங்கே, 10 மி.மீ. எங்கே? பாதிதானே என்று தோன்றும். ஆனால் வாயு போவது பரப்பளவில். அதில் வித்தியாசம் 3.6 மடங்கு. நிப்பிளின் 10 மி.மீ. வெளிவிட்டமாக இருந்து, உள்துளை 7 மி.மீ. என்றால் 7 மடங்குக்கும் மேல். நெடுஞ்சாலையில் ஓவர்டேக்குக்கு அழுத்தும் ஒவ்வொரு தடவையும் கிரேங்க் கேஸில் அழுத்தம் கூடி, இளகிய இடம் தேடி டிப்ஸ்டிக் வாய் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. இப்படியே விட்டால் அடுத்து கிரேங்க் ஷாஃப்ட் பின்பக்க ஆயில் சீல் போகும். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கே என்றேன்.

கராஜில் சரியாக இருப்பதாகச் சொன்னதற்கும் காரணம் இதுதான். ஐடிலில் வேலை செய்வது பிசிவி பக்கம். தடித்த ஹோஸ் வழியே அப்போது வெளிக்காற்று உள்ளே வரும். அது குறுகியிருந்தால் கிரேங்க் கேஸில் வெற்றிடம் இன்னும் கூடத்தான் செய்யும். ஆயில் மூடியைத் திறந்து கையுறையை வைத்துப் பார்த்தால் நன்றாக இழுக்கும், பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். இந்தக் கோளாறு பூஸ்டில் மட்டுமே தெரியும். சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால், பழைய ஆயில் மூடி ஒன்றில் நிப்பிள் பொருத்தி, அதிலிருந்து ஒளிபுகும் டியூபைக் கேபினுக்குள் கொண்டுவந்து, யு வடிவில் வளைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் அதைக் கவனிக்கட்டும், ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். பூஸ்டில் தண்ணீர் எஞ்சின் பக்கத்திலிருந்து விலகி உங்கள் பக்கம் தொடர்ந்து ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது.

ஃபில்டர் வைத்துத் திறந்துவிடும் யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கிரேங்க் கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கவே கூடாது என்பது பிஎஸ்6 மாசு விதி. பியூசி சோதனையில் சைலன்சர் புகையை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பதால், அதில் பாஸ் ஆவதை வைத்து இது சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பானெட்டுக்குள் விட்ட ஆவி, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவாய் வழியாகக் கேபினுக்குள் வரும். பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்து அதைச் சுவாசிப்பார்கள். சூடான டர்போ பக்கத்தில் ஆயில் ஆவி பரவுவதும் ஆபத்து.

ஸ்டீல் நார் இன்னும் மோசம். துரு பிடிக்கும், இழை இழையாக உதிரும். கேனிலிருந்து கிளம்பும் இழை நேராகப் போய்ச் சேர்வது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் கம்ப்ரசர் சக்கரத்தில்.

கேன் இருக்க வேண்டிய இடம் பிசிவி வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே. உங்கள் எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்கிறது, இன்டேக் வால்வின் முதுகை அது கழுவுவதில்லை. அதனால்தான் கரி படிகிறது. (டாடா நெக்ஸான் 1.2 டர்போ போன்ற எஞ்சின்களில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது. அந்த வண்டிக்காரர்கள் இதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.) வெளிவட்டச் சாலையில் ஊர்ந்து போகும் உங்களுக்கு வால்வை எட்டும் ஆயிலில் பெரும்பகுதி பிசிவி வழியாகவே வரும். அந்த ஹோஸ் இயல்பிலேயே மெல்லியது என்பதால், உள்துளை அதைவிடக் குறுகாமல் இருந்தால் உங்கள் கேனே அங்கே போதும். குறுகலாக இருந்தால் பீன்யாவில் லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்து நிப்பிளைப் பெரிதாகக் கடைந்து வெல்டு வைக்கச் சொல்லலாம்.

ஆனால் அந்த இடத்தில் கேனுக்கு வேலை கடுமை. ஐடிலில் முழு வெற்றிடம் இழுக்கும், பூஸ்டில் மேனிஃபோல்டின் அழுத்தம் திரும்பி வந்து மோதும். மலிவான கேனில் ஆயில் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூப் முதலில் பிடுங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு இரண்டு துளையையும் ஸ்குரூ போட்டு அடையுங்கள், மூடியின் ஓ-ரிங்கை நல்லதாக மாற்றுங்கள். கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உலோக செக் வால்வு ஒன்றை, கேனிலிருந்து மேனிஃபோல்டுக்கு மட்டும் போகும் திசையில் வைத்தால் பூஸ்ட் கேனைத் தொடாது. இங்கே ஒரு சிறு காற்றுக்கசிவு வந்தாலும் ஐடில் நடுங்கும், செக் எஞ்சின் விளக்கு எரியும்.

கேனுக்குள் உள்வழி கீழே இறங்கி, வெளிவழி உச்சியில் இருக்க வேண்டும். நடுவே துளைத்தகடு, அதன்மேல் பின்னிய ஸ்டெயின்லெஸ் வலை. சாம்பார் பாத்திரத்தின் மூடியில் நீர் கோத்துக்கொள்வதைப் போல, குளிர்ந்த பரப்பில் மோதித்தான் ஆவி துளியாகும். ஆகவே கேனை டர்போவிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் பாடியோடு பொருத்துங்கள். எஞ்சின் ஆடும் அளவுக்கு ஹோஸில் தளர்வு இருக்கட்டும், ஆயில் தேங்கும்படி நடுவில் தொங்கக் கூடாது. ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது ஆயில் தாங்கும், உள்ளே நூல் வலுவூட்டிய ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி இளகும், சாதாரண சிலிக்கான் ஹோஸ் வியர்க்கும். கம்பெனி ஹோஸ்களை வெட்டாமல் எடுத்து வையுங்கள், வாரண்டிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

காபி நிற நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறுகிய ஓட்டத்தில் ஆயில் முழுச்சூடு ஏறாமல் நீராவி ஆயிலோடு கலந்த நுரை அது. பெங்களூரின் ஜூலை, டிசம்பர் குளிர்ச்சியில் கூடுதலாகச் சேரும். ஆனால் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். முதலில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை கேனைத் திறந்து பாருங்கள். சேர்ந்ததை எஞ்சினில் திரும்ப ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். சர்வீஸ் சென்டரின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே படிந்த கரியைக் கேன் எடுக்காது. அதற்கு மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒன்றே வழி.

தடித்த ஹோஸைத் திரும்ப மாட்டியதும் டிப்ஸ்டிக் வாயைத் துடைத்து, ஆயில் மட்டம் மேல்குறியைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டு கிருஷ்ணகிரிவரை ஓட்டி வாருங்கள். அப்போதும் ஈரம் இருந்தால், வேறு கேன் வாங்கும் முன் டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கை மாற்றி, சிலிண்டர் லீக் சோதனை செய்யச் சொல்லுங்கள்.