ரிமோட் சாவியின் பேட்டரி தளரும்போது நாமே மாற்றலாமா?

வாசகர் கேள்வி: என் காரின் ஸ்மார்ட் சாவி சில வாரங்களாக, மிக அருகில் சென்று இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கதவைத் திறக்கிறது. சாவியின் பேட்டரி குறைந்துள்ளது என்ற எச்சரிக்கையும் காரின் திரையில் அவ்வப்போது தோன்றுகிறது. பேட்டரியை நானே கழற்றினால் சாவிக்கும் காருக்கும் உள்ள இணைப்பு அழிந்துவிடும், மீண்டும் புரோகிராம் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார் நண்பர். அது உண்மையா? மாற்றுவதற்கு முன்பே வழியில் பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோனால் என்ன செய்வது?

பதில்: நீங்களே தாராளமாக மாற்றலாம். உங்கள் நண்பரின் அச்சம் பரவலாக இருப்பதுதான் என்றாலும், பெரும்பாலான கார்களில் அதற்கு இடமில்லை. சாவியை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடும், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் மாறிக்கொண்டே செல்லும் எண் வரிசையின் கணக்கும், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில்தான் பதிந்திருக்கின்றன. ஆகவே பேட்டரியை எடுத்துவிட்டு நிதானமாக வேலை பார்த்தாலும் அவை அப்படியே இருக்கும். சில மாடல்களில் மட்டும், பேட்டரி மாற்றிய பிறகு சாவியும் காரும் தம் கணக்கை ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான சிறு செயல்முறை காரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். அதைப் புதிய சாவியைப் பதிவுசெய்யும் வேலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கழற்றுவதற்கு முன், குறை பேட்டரியில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து, அதே இடத்தில், அதே தொலைவில் நின்று அழுத்திப் பாருங்கள். அது நன்றாக வேலை செய்தால் முதல் சாவியின் பேட்டரிதான் தளர்ந்திருக்கிறது. இரண்டுமே தடுமாறினால், காரின் 12 வோல்ட் பேட்டரி, காரில் உள்ள ரேடியோ ஏற்பி, அல்லது அந்த இடத்தில் இருக்கும் ரேடியோ குறுக்கீடு ஆகியவற்றின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். குறிப்பிட்ட ஓரிடத்தில் நிறுத்தும்போது மட்டும் சாவி வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் குறுக்கீடே காரணம். உங்கள் விஷயத்தில் காரே எச்சரிக்கை தருவதால் ஐயத்துக்கு அதிக இடமில்லை. ஆனாலும் சரிபார்த்துவிடுங்கள், இரண்டாவது சாவியின் பேட்டரியும் அதே காலத்தில் போடப்பட்டதாக இருக்கலாம் என்பதால், அதையும் இதே அமர்வில் மாற்றிவிடுவது நல்லது.

பலர் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, ஏறத்தாழ 3 வோல்ட் காட்டுகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துபோகிறார்கள். இந்த வகை லித்தியம் பேட்டரியின் இயல்பு அப்படி. ஆயுளின் பெரும்பகுதியில் மின்னழுத்தம் குறையாமல் நின்று, கடைசியில்தான் சரிவு தொடங்கும். அதற்குள் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளிவருவதற்கு அதன் உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, கூடிக்கொண்டே வந்திருக்கும். வெறுமனே அளக்கும்போது தெரியாத அந்தப் பலவீனம், பொத்தானை அழுத்தி, ரேடியோ அலை அனுப்பும் பகுதி ஒரு கணம் அதிக மின்சாரத்தை இழுக்கும்போதுதான் வெளிப்படுகிறது. மின்னழுத்தம் சரிகிறது, அலை வலுவிழக்கிறது, அருகில் நின்றால்தான் கார் கேட்கிறது. குளிரில் உள்தடை மேலும் கூடுவதால், தளர்ந்த சாவி குளிர்ந்த காலைகளில் முதலில் அடம்பிடிக்கும்.

புதிய பேட்டரி வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் எண்ணையே பின்பற்றுங்கள். சிஆர்2032 என்பதில் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும் (20 மில்லிமீட்டர்), அடுத்த இரண்டும் தடிமனையும் (3.2 மில்லிமீட்டர்) குறிக்கின்றன. சிஆர்2025-ன் விட்டமும் அதுவே, மின்னழுத்தமும் அதே 3 வோல்ட். தடிமன் மட்டும் 2.5 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால், மெலிந்தது தொடுமுனையைச் சரியாகத் தொடாமல் ஆடும். தடித்தது தொடுமுனையை வளைத்துவிடும். எல்ஐஆர்2032 என்று குறிக்கப்பட்ட, மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அது முழுமையாக நிரம்பியிருக்கும்போது சுமார் 4.2 வோல்ட் தரும். சாவியின் மின்சுற்று அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

சாவியைத் திறப்பதுதான் கவனம் தேவைப்படும் கட்டம். ஸ்மார்ட் சாவியின் பக்கத்தில் உள்ள சிறு விசையைத் தள்ளினால் அதனுள் மறைந்திருக்கும் உலோகச் சாவி வெளியே வரும். அது இருந்த பள்ளத்திலோ, அதன் அருகிலோ, மூடியைப் பிரிப்பதற்கான சிறு பிளவு இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனையில் துணி சுற்றி, பிளவில் மேலோட்டமாக வைத்து, உள்ளே குத்தாமல் மெல்லத் திருப்புங்கள். ஆழமாகச் செருகினால் மின்சுற்றுப் பலகையில் கீறல் விழக்கூடும், பிறகு சேதம் பேட்டரியோடு நிற்காது. சில சாவிகளில் முதலில் ஒரு சிறு திருகைக் கழற்ற வேண்டியிருக்கும். மூடி அசையவே இல்லையென்றால் வலிமையைக் கூட்டாமல் கையேட்டைப் பாருங்கள். மடக்குச் சாவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: அவற்றில் சிலவற்றில் எஞ்சின் பூட்டைத் திறக்கும் டிரான்ஸ்பாண்டர் சில்லு, மின்சுற்றோடு ஒட்டாமல், சிறு கறுப்புத் துண்டாகத் தனியே வைக்கப்பட்டிருக்கும். திறக்கும்போது அது கீழே விழுந்து தொலைந்தால் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பாது. ஆகவே மேசை மீது வெளிர் நிறத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் வைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

மூடி திறந்தவுடன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி சில சாவிகளில் மேல்நோக்கியும் சிலவற்றில் கீழ்நோக்கியும் இருக்கும். பழைய பேட்டரியை உலோகக் கருவியால் நெம்பாமல், மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் முனையால் எடுங்கள். புதியதை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் தொடுபரப்பில் படிவது நல்லதன்று. தொடுமுனையில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிவு தெரிந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்கு உலர விடுங்கள். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் விற்கப்படுகின்றன. சில சாதனங்களில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுக்கிறது. புதிய பேட்டரி போட்டும் சாவி உயிர் பெறவில்லையென்றால் முதலில் திசையையும், அடுத்து இதையும் சோதியுங்கள். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் இருந்தால், அது தன் இடத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுற்றிலும் கிளிக் ஒலி கேட்கும்வரை மூடியை அழுத்துங்கள்.

வழியில் பேட்டரி முற்றிலும் தீர்ந்துபோனாலும் நீங்கள் கைவிடப்படுவதில்லை. ஏனென்றால் சாவியின் அந்த ஒரே கூட்டுக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. கதவைத் திறக்கும் ரேடியோ அலைக்கு (நாட்டைப் பொறுத்து 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்) பேட்டரி வேண்டும். எஞ்சினைக் கிளம்ப அனுமதிக்கும் டிரான்ஸ்பாண்டருக்கோ பேட்டரி தேவையில்லை. காரில் உள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. எனவே உள்ளிருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறங்கள். சில கார்களில் சாவித்துளை கைப்பிடியின் சிறு மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அப்படித் திறக்கும்போது எச்சரிக்கை மணி ஒலித்தால் பதற வேண்டாம், எஞ்சின் கிளம்பியதும் அடங்கிவிடும். பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பொத்தானின் மீது ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பும். வேறு சிலவற்றில் அதற்கென ஒரு பள்ளம் நடுப்பெட்டியிலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலோ இருக்கும். உங்கள் காரில் அது எங்கே என்பதை, அவசரம் வருவதற்கு முன்பே, இன்றே ஒருமுறை கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வழக்கத்தைவிட விரைவில் தீர்வதாகத் தோன்றினால், சாவியை எங்கே வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஸ்மார்ட் சாவி, கார் அனுப்பும் தாழ்ந்த அதிர்வெண் அழைப்பை எதிர்பார்த்தபடியே இருக்கிறது. சில கார்களில், சாவி காரின் அருகிலேயே, ஒரு சுவருக்கு அப்பால், இரவு முழுவதும் தொங்கினால், அது மீண்டும் மீண்டும் விழித்தெழுந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கும். சில மீட்டர் தள்ளி வைத்தாலே வேறுபாடு தெரியும்.

கழற்றிய பேட்டரி காருக்குப் பயனற்றது என்றாலும், குழந்தைக்கு அது இன்னும் ஆபத்தானதுதான். 20 மில்லிமீட்டர் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், எஞ்சியிருக்கும் மின்சாரமே இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துக் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எனவே சாவியின் மூடியை மூடுவதற்கு முன்பே பழைய பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்; வீட்டுக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.