வகுப்பறையில் வைஃபையை அணைக்கலாமா? சட்டக் கல்லூரிக் கேள்விகளும் என் பதில்களும்

பதினான்கு வருடங்களாக ஒரு சட்டக் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்பறை இணையம் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறேன். ஒருவரை எழுப்பித் தீர்ப்பைப் பற்றிக் கேட்டால், இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தைத் திரையைப் பார்த்து வாசிக்கிறார். என் அறையில் மட்டும் வைஃபையை நிறுத்த முடியாதா சார்?

பதில்: நிறுத்தலாம் சார், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நிற்காது. உங்கள் அறைக் கூரையில் உள்ள அக்சஸ் பாயின்டை, அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டியை அணைத்தால் லேப்டாப் சும்மா இருக்காது, பக்கத்து அறையில் இருப்பதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் செய்தே பார்த்தோம். ஓர் அறையில் அணைத்த பத்தாவது நிமிடம், அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ஸ்லைடு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் அவருடைய அக்சஸ் பாயின்டில் இரண்டு வகுப்புக் கூட்டமும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதிலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு சிக்னல் மங்கல், மங்கலான சிக்னலில் தரவு மெதுவாகப் போகும், அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சும்மா இருந்த வகுப்புக்குத்தான் தண்டனை.

சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி 2008-ல் பெரும்பாலான வகுப்பறைகளில் இணையத்தை எடுத்துவிட்டது, அப்போதைய டீன் சால் லெவ்மோர் எடுத்த முடிவு. அன்றைக்கு அதற்கு அர்த்தம் இருந்தது, ஐபோன் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு ஹாட்ஸ்பாட் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் சிக்னலையே முடக்கும் ஜாமர் கருவி வைத்துவிட்டால்?

பதில்: அந்தப் பக்கமே போகாதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், சட்டக் கல்லூரியே அதைச் செய்தால் எப்படி? ஜாமர் இல்லாமல், அடுத்தவர் ஹாட்ஸ்பாட்டின் இணைப்பைத் துண்டிக்கும் சிக்னல் அனுப்பும் வசதி, அக்சஸ் பாயின்ட்களை நிர்வகிக்கும் சில கன்ட்ரோலர்களில் உண்டு. நாஷ்வில்லில் ஒரு விடுதியில் இதைச் செய்ததற்காக மாரியட் நிறுவனம் 2014-ல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு 6 லட்சம் டாலர் கட்டியது.

கேள்வி: அண்ணா, நெட்வொர்க் வேலைக்குப் புதிது. கால அட்டவணையை லாகினோடு இணைத்து, வகுப்பு நேரத்தில் அந்த மாணவருக்கு மட்டும் தடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: 802.1எக்ஸ் லாகின், அதாவது ஒவ்வொருவரும் தன் பெயரிலேயே வைஃபையில் நுழையும் முறை இருந்தால் முடியும், யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வரிடம் அட்டவணையைக் கொடுத்தால் போதும். ஆனால் அட்டவணை யாரிடம் இருக்கிறது, எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு ரத்தாகும், அறை மாறும், பருவத் தொடக்கத்தில் மாணவர்கள் பாடத்தை விட்டு வேறு பாடத்துக்குத் தாவுவார்கள், காய்ச்சலில் விடுதியில் படுத்திருப்பவருக்கும் இணையம் போய்விடும். ஒவ்வொன்றுக்கும் போன் உங்களுக்குத்தான் வரும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள், 2020-ல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து ஐபோன்கள்கூட நிஜ முகவரியைக் காட்டுவதில்லை. அப்புறம், சட்டத் தரவுத்தளங்களை மட்டும் திறந்து வைப்பது என்ற யோசனை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் திறக்கவே பத்து இடங்களிலிருந்து கோப்புகள் வரும், அந்தப் பட்டியலைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: நான் கடைசி வரிசை. என் பாட்டுக்கு ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: கடைசி வரிசை என்பதால் கொஞ்சம் பரவாயில்லை தம்பி. 2013-ல் கனடாவில் ஓர் ஆய்வு வந்தது. வகுப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். அவர்களுடைய திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் 17 சதவீதம் குறைந்தது. அவர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள். இதைப் படித்த பிறகுதான் பேராசிரியர்களின் கோபம் எனக்குப் புரிந்தது.

கேள்வி: எனக்குக் காது சரியாகக் கேட்காது. ஆசிரியர் பேசுவதை உடனே திரையில் எழுத்தாகக் காட்டும் வசதிக்கு இணையம் வேண்டும். எல்லோருக்கும் தடுத்தால் நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, இந்தக் கேள்வியைத்தான் எல்லா நிர்வாகமும் முதலில் யோசிக்க வேண்டும், யோசிப்பதோ கடைசியில். உங்கள் லாகினுக்கே விலக்கு கொடுக்கச் சொல்லுங்கள், நெட்வொர்க் பெயர் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தனிப் பெயர் வைத்தால் உங்கள் திரையைப் பார்த்த யாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். லேப்டாப்புக்குத் தடை போட்ட வகுப்பிலும் இதே சிக்கல்தான், ஒருவர் மட்டும் திறந்து வைத்திருந்தால் ஏன் என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் முழுத் தடையைவிட, தேவைப்படுகிற யாரும் திறக்கலாம், அவர்களுக்குப் பின்வரிசை என்று வைப்பது நல்லது. முன்னால்தான் உட்கார வேண்டும் என்றால் ஓர் ஓரத்து இருக்கையைக் கேளுங்கள்.

கேள்வி: தேர்வு நாளில் வைஃபையை அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். தேர்வு மென்பொருளே லேப்டாப்பில் இணையத்தைப் பூட்டிவிடும், முடிந்ததும் விடைத்தாளை ஏற்ற அதே வைஃபை வேண்டும். 2014 ஜூலையில் அமெரிக்க வழக்கறிஞர் தகுதித் தேர்வில் விடைகளை ஏற்ற முடியாமல் பல மாநிலங்களில் இரவு வரை தவித்தார்கள், மறுநாளும் தேர்வு இருந்தது. அங்கே கோளாறு மென்பொருள் பக்கம், ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குப் பதற்றம் ஒன்றுதான். முந்தின நாளே எல்லோரையும் ஒருமுறை இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கடவுச்சொல் காலாவதியானவர் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

கேள்வி: கல்லூரி விதியாக என்ன எழுதுவது?

பதில்: லேப்டாப்பைத் திறப்பதா மூடுவதா என்பதை ஆசிரியர் முடிவு செய்யட்டும், முதல் நாளே பாடத்திட்டத்தில் எழுதிவிடட்டும். வைஃபை சுவிட்சை அவர் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் கல்லூரியில் ஒருவர் விவாதம் தொடங்கும்போது ‘திரையை மூடுங்க’ என்பார், சட்ட ஆராய்ச்சிக்குப் போகும்போது திறக்கச் சொல்வார். எனக்கு அவரிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை.

கேள்வி: 90 இருக்கை அறை. ஒரு அக்சஸ் பாயின்ட் போதுமா?

பதில்: போதாது. ஆளுக்கு இரண்டு கருவி என்றாலே 180. மூன்று போடுங்கள், சிக்னல் சக்தியைக் குறைத்து வையுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வையுங்கள், பழைய குறைந்த வேகங்களை அணைத்துவிடுங்கள். சரி, வேலை முடிந்ததும் வகுப்பு நடக்கும்போது போய் அளந்து பாருங்கள். மனித உடம்பு அலையை உறிஞ்சும், காலி அறையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.