ஒரு வயசுப் பிள்ளைக்குக் கறந்த பால் கொடுக்கலாமா? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துத் தாய்மார்களும் தாத்தா பாட்டிகளும் மாட்டுப் பாலைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். வீட்டில் கறவை மாடும் உண்டு. தொட்டில் கேள்வியும் வரட்டும், தொழுவத்துக் கேள்வியும் வரட்டும்.

ரெட்டிச்சாவடி, ஓர் அம்மா: அக்கா, பையனுக்கு இப்பதான் ஒரு வயசு முடிஞ்சுது. மாமியார் வீட்ல நாட்டு மாடு இருக்கு. காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும், கறந்த சூட்டோட கொடுங்கன்னு வீடியோவுல சொல்றாங்க. ரெண்டு நாள் அரை டம்ளர் கொடுத்தோம், ஒண்ணும் ஆகலை. மூணாம் நாள்லேர்ந்து தண்ணி தண்ணியா ஆறேழு வாட்டி போகுது. பால் ஒத்துக்கலையா?

பச்சைப் பாலை இன்றைக்கே நிறுத்திடுங்க தங்கச்சி. காரணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிள்ளையின் உடம்பில் நீர் வற்றாமல் பார்க்கணும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அந்த அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைங்க. பாதியாகப் பிரித்துக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். ஒவ்வொரு தடவை வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லி, தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்க. கக்கினால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்க. ஒரு நாளைக்கு மேல் ஆன கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கணும். கூடவே ஜிங்க் மாத்திரை. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் மாத்திரையை முடிக்கணும். கஞ்சி, குழைந்த சோறு, இட்லி எல்லாம் வழக்கம்போல் கொடுக்கலாம். பட்டினி போட வேண்டாம்.

இனிக் காரணம். பாலில் இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காவிட்டால், குடித்த சில மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், நுரை நுரையாகப் புளிச்ச வாடையோடு போகும், பின்பக்கம் சிவக்கும். குடிக்கிற ஒவ்வொரு தடவையும் அப்படி நடக்கும். உங்கள் பையனுக்கு ரெண்டு நாள் ஒன்றும் ஆகாமல் மூன்றாம் நாள் தொடங்கியிருக்கிறது. பச்சைப் பாலில் வரும் காம்பைலோபாக்டர், ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் குடலில் பெருகிப் பேதியாக வெளிவர ரெண்டிலிருந்து அஞ்சு நாள் எடுக்கும். அதனால் எனக்குக் கிருமியின் மேல்தான் சந்தேகம்.

சத்து போய்விடும் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சினால் சுண்ணாம்புச் சத்து, புரதம், கொழுப்பு எதுவும் போகாது. பி வகை வைட்டமின்களில் கொஞ்சமும், வைட்டமின் சியும் குறையும். பாலில் வைட்டமின் சி முதலிலேயே சொற்பம். ஒரு துண்டுக் கொய்யாப்பழத்தை மசித்துக் கொடுத்தால் அதைவிடக் கூடவே கிடைக்கும்.

அதே அம்மா: காய்ச்சல் இல்லக்கா, ரத்தம் இல்ல. ஒண்ணுக்குப் போறான். எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்?

ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒண்ணுக்குப் போகாவிட்டால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், கண் குழி விழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நின்றால், எதைக் கொடுத்தாலும் கக்கினால், துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால் நேரம் பார்க்காதீங்க. 108க்குப் போன் போடுங்க. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, ஜிப்மரோ, எது கிட்டவோ அங்கே.

மலத்தில் ரத்தம் வந்தால் இதில் எதுவும் இல்லாவிட்டாலும் போகணும். ஈ.கோலையில் ஒரு வகை நச்சை உண்டாக்கும். பேதி குறைந்து நல்லாயிட்டான் என்று நினைக்கிற ஒரு வாரக் கட்டத்தில், சில பிள்ளைகளுக்கு முகம் வெளிறி, ஒண்ணுக்குக் குறைந்து, சிறுநீரகமே பழுதாகும். அஞ்சு வயசுக்குக் கீழ்தான் இது அதிகம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீங்க, சின்னப் பிள்ளைக்கு அது ஆபத்து. டாக்டரிடம் "பச்சைப் பால் கொடுத்தோம்" என்று தயங்காமல் முதலில் சொல்லுங்க. அந்த ஒரு தகவலில் அவர் யோசிக்கும் திசையே மாறும்.

நெல்லிக்குப்பம், ஒரு தாத்தா: நாங்கல்லாம் மடியிலேர்ந்து நேரா வாயில பீச்சிக் குடிச்சு வளர்ந்தவங்க. எங்களுக்கு என்ன ஆச்சு? இப்பத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் எல்லாம் ஆகாது!

ஐயா, நீங்கள் திடமாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். மாட்டோடு புழங்கி வளர்ந்த பெரிய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். ஆனால் தாங்காத பிள்ளைகளும் அதே தெருவில் இருந்தார்கள். "மாந்தத்துல போயிடுச்சு" என்று சொல்லி எத்தனை வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தார்கள் என்று உங்கள் அம்மா காலத்துப் பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பலவற்றுக்கு இன்றைக்குப் பேதி, நீர்வற்றல் என்றுதான் பெயர்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்கள் கைப்பிள்ளைக்குப் பச்சைப் பாலா கொடுத்தார்கள்? புது வீட்டுக்குப் போனால் முதலில் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுகிற ஊர் இது. காய்ச்சாமல் கொடுப்பதைப் பழைய முறை என்று வீடியோவில் சொல்கிறவர்களுக்கு நம் பாட்டிமார் அடுப்படி தெரியாது.

வில்லியனூர், மாடு வளர்க்கிறவர்: எங்க மாடு நல்ல ஆரோக்கியமான மாடு மேடம். டாக்டர் பார்த்துட்டாரு, மடி கழுவித்தான் கறக்கிறோம். அப்பவும் காய்ச்சணுமா?

ஆமாம் தம்பி, அப்பவும் காய்ச்சணும். உங்கள் மாட்டைக் குறை சொல்லவில்லை. ஈ.கோலை நல்ல மாட்டின் குடலிலேயே இருக்கும், அதனால் மாட்டுக்கு ஒரு நோவும் வராது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாளை விடியற்காலை கறக்கும்போது ஒரு நிமிஷம் நின்று கவனிங்க. கன்றை ஊட்ட விட்டு இழுத்துக் கட்டுகிறோம், காம்பில் அதன் எச்சில் இருக்கும். ராத்திரி படுத்த இடத்துச் சாணி மடியில் காய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம், அந்தத் தண்ணீர் வழிந்து காம்பு நுனியில் சொட்டாக நிற்கும். துணியால் ஒற்றி எடுக்காமல் கறந்தால் அந்தச் சொட்டுதான் முதலில் பாத்திரத்தில் விழும். கறந்து கொண்டிருக்கும்போது ஈயை விரட்ட வாலை வீசும். சாணி பட்ட வால் மயிரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி தெறித்தால் போதும். பெரியவர் வயிறு பெரும்பாலும் தாங்கிவிடும், பத்துக் கிலோ பிள்ளை தாங்காது.

முதல் நாலு பீச்சைத் தனியாக ஒரு கிண்ணத்தில் பீச்சிப் பாருங்க. திரித்திரியாக, தண்ணியாக வந்தாலோ மடி சூடாக இருந்தாலோ மடிநோய். அந்தப் பாலைப் பிள்ளைக்குக் காய்ச்சிக்கூடக் கொடுக்காதீங்க. மாட்டுக்கு ஊசி போட்டால் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று மாட்டு டாக்டரிடம் கேட்டு, அத்தனை நாளும் நிறுத்துங்க.

லாஸ்பேட்டை, ஓர் அப்பா: நாங்க காய்ச்சித்தான் கொடுத்தோம். குடிச்ச ரெண்டு மணி நேரத்துல பாப்பா வாந்தி எடுத்துட்டா. பிறகு எப்படி?

நல்ல கேள்வி. ஸ்டாபிலோகாக்கஸ் என்று ஒரு கிருமி. மடிநோய் கண்ட காம்பிலும், கறக்கிறவர் கைப் புண்ணிலும் இருக்கும். பாலை வெக்கையில் சும்மா வைத்தால் அது பெருகி ஒரு நச்சைக் கக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நச்சு சாகாது. அதனால்தான் குடித்த ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருகிறது. காலையில் கறந்த பால் பைக்கில் ஊரெல்லாம் சுற்றி, பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, பதினொரு மணிக்கு அடுப்பேறினால், அக்னி நட்சத்திர வெயிலில் அதற்குள் காரியம் முடிந்திருக்கும். எத்தனை மணிக்குக் கறந்தது என்று பால்காரரிடம் கேளுங்க.

காய்ச்சிய பாலைக் கழுவாத தூக்கிலேயே திரும்ப ஊற்றினீர்களா, பாட்டிலின் ரப்பருக்குள் பழைய பால் ஒட்டியிருந்ததா என்றும் பாருங்க. பாட்டிலை விட்டுவிட்டு டம்ளருக்கு மாறுவதே நல்லது.

மஞ்சக்குப்பம்: பொங்கினா போதுமா?

போதாது. நுரை மேலே ஏறினாலும் அடியில் சூடு ஒரே சீராக இருக்காது. பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, கரண்டியால் கலக்கிக்கொண்டே ரெண்டு மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. மூடிவைத்து, தண்ணீர்த் தட்டில் இறக்கிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைங்க. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அந்தந்த வேளைக்கு வாங்குவது நல்லது.

முத்தியால்பேட்டை, ஓர் அம்மா: பாக்கெட் பால்னா எந்தக் கலர்?

ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. ரெண்டு வயசுக்குள் மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு தேவை, அதனால் பச்சை நிறப் பாக்கெட் நல்லது. ஆரஞ்சு சில பிள்ளைகளுக்கு மந்தமாக இருக்கும். புதுச்சேரியின் பாண்லே பால் வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் கொழுப்பு அளவைப் பார்த்து எடுங்க. பாக்கெட் பால் பதப்படுத்தியதுதான், 72 டிகிரியில் 15 விநாடி வைத்துக் குளிரவைப்பார்கள். கடைக்காரர் வெளியே வைத்திருந்தாரோ என்ற பயத்துக்கு நாம் ஒருமுறை காய்ச்சிக்கொள்ளலாம்.

பண்ருட்டி, ஒரு பாட்டி: பேத்திக்கு ஒண்ணே முக்கால் வயசு. சோறே தொடமாட்டா, நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிச்சுடுவா. நாலு நாளைக்கு ஒரு தடவ முக்கி முக்கிப் போறா. செவத்து மண்ணைச் சுரண்டித் திங்கறா. வயித்துல பூச்சியா?

அம்மா, பூச்சியும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் ரத்தசோகைதான் தோன்றும். பாலில் இரும்புச் சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வயிறு பாலால் நிறைந்தால் சோறு இறங்காது, சோறு இறங்காவிட்டால் இரும்பு கிடைக்காது, ரத்தம் குறைந்தால் பசியும் மந்திக்கும், மண் தின்னத் தோன்றும். கண்ணின் கீழ் இமையைத் தாழ்த்திப் பாருங்க, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று. நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்க.

பாலை நாளுக்கு 400 மில்லிக்குள் கொண்டுவாங்க. ஒரே நாளில் வெட்டினால் வீடே அழும், ராத்திரிப் பாட்டிலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைங்க. சாப்பாட்டுக்கு முன்னால் பால் கிடையாது. முருங்கைக்கீரையும் பருப்பும் மசித்த சோறு, கேழ்வரகுக் கூழ், முட்டை, முள் பார்த்து எடுத்த மத்தி மீன், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), இதெல்லாம் இறங்கட்டும். கூட எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டுப் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஆறு மாதத்திலிருந்து அஞ்சு வயசு வரை வாரம் ரெண்டு தடவை 1 மில்லி இரும்புச் சத்து சிரப் அரசே கொடுக்கிறது, அங்கன்வாடியிலோ செவிலியரிடமோ கேளுங்க. பூச்சி மருந்தும் ஒரு வயசுக்கு மேல் அங்கேயே கிடைக்கும்.

அரியாங்குப்பம், ஓர் அம்மா: பையனுக்கு லாக்டோஸ் ஆகாதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. மாட்டுப் பால் ஒரு வாய் குடிச்சா வாயைச் சுத்தித் தடிப்பு தடிப்பா வருது. தாய்ப்பால் நல்லாக் குடிக்கிறான். ஆட்டுப் பால் கொடுக்கவா? தெருவுல கழுதைப் பாலும் வருது.

மாட்டுப் பாலில் 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் லாக்டோஸ். உங்கள் பாலில் 7 கிராம். அதை நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு லாக்டோஸ் ஆகாது என்பது பொருந்தவில்லை. தடிப்பு வருவதைப் பார்த்தால் பால் புரத ஒவ்வாமை மாதிரி தெரிகிறது. மறுபடி கொடுத்துப் பார்க்காதீங்க, குழந்தை டாக்டரிடம் காட்டுங்க. உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மாட்டுப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப் பாலும் எருமைப் பாலும் ஒத்துக்கொள்ளாது. ஆட்டுப் பாலில் ஃபோலிக் அமிலமும் குறைவு.

கழுதைப் பாலைச் சங்கில் ஊற்றினால் மஞ்சள்காமாலை வராது, வாய் நன்றாகப் பேசும் என்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. தெருவில் கறந்து, காய்ச்சாமல், பல வீட்டுப் பிள்ளைக்கு ஒரே சங்கில் ஊற்றுகிறார்கள். பச்சிளம் பிள்ளையின் வாயில் இதை ஊற்றவே விடாதீங்க, யார் மனசு கோணினாலும் பரவாயில்லை.

பாகூர், ஓர் அம்மா: எங்க மாடு ஏழு மாசச் சினையில கன்னு வீசிடுச்சு. அந்த மாட்டுப் பாலை முன்னாடி பச்சையா பாப்பாவுக்குக் கொடுத்திருக்கோம். இப்ப சாயங்காலமானா காய்ச்சல் வந்து வந்து போகுது.

தாமதிக்காதீங்க. சினையின் கடைசிக் கட்டத்தில் கன்று வீசினால், அதாவது நாள் நிறையுமுன் கரு விழுந்தால், புருசெல்லோசிஸ் என்ற கிருமி நோயோ என்று சந்தேகிக்கணும். பச்சைப் பாலில் அது மனிதருக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டு வலி, சோர்வு. பால் குடித்துப் பல வாரம் கழித்தும் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தால் குணமாகும், ஆனால் பல வாரம் விடாமல் சாப்பிடணும். கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்தவர் யாரோ அவரும் சோதித்துக்கொள்ளட்டும். மாட்டுக்கு கால்நடை டாக்டரை வரவழைங்க. கிடேரிக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி உண்டு, அரசு இலவசமாகப் போடுகிறது.

செம்மண்டலம்: பத்து மாசப் பிள்ளைக்குக் காய்ச்சின மாட்டுப் பால்?

தயிர், கஞ்சியில் கலக்கக் கொஞ்சம் பால், இதெல்லாம் சரி. தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளர் டம்ளராக ஒரு வயசுக்கு முன் வேண்டாம். அந்த வயசில் அதிகப் பால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும்.

நெய்வேலி, ஓர் அம்மா: சீம்பால்?

வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் நடுவரைக்கும் நன்றாக வெந்திருந்தால் ஒரு வயசுக்கு மேல் ரெண்டு தேக்கரண்டி. குழகுழவென்று இருந்தால் வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி, ஓர் அம்மா: பேதி நின்னு நாலு நாள் ஆச்சு. பால் எப்படி மறுபடி ஆரம்பிக்கிறது? தண்ணி கலக்கணுமா?

தண்ணீர் கலக்க வேண்டாம், பாலும் நீர்த்துப் பிள்ளையும் இளைக்கும். பேதிக்குப் பிறகு குடலின் உள்தோல் தேறும் வரை லாக்டோஸ் செரிப்பது கொஞ்சம் மந்தமாக இருக்கும். அதனால் முதல் ரெண்டு நாள் தயிர்சாதம், காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிராக இருக்கட்டும். மூன்றாம் நாள் காய்ச்சி ஆறிய பால் 50 மில்லி, சாப்பாட்டோடு, டம்ளரில். நுரை நுரையாகப் போகாவிட்டால் ரெண்டு நாளுக்கு ஒருமுறை கூட்டுங்க. போனால் மறுபடி தயிருக்கு வந்து ஒரு வாரம் விட்டு ஆரம்பிங்க. ரெண்டு வாரம் ஆகியும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்க.