மிஞ்சிய கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றலாமா?

நண்பரே, மிஞ்சிய 5டபிள்யூ-30 (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் கிரேடு) கார் ஆயிலை பைக், ஸ்கூட்டர், பெட்ரோல் ஜெனரேட்டர், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பைக்குக்கு தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து சுற்றும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் ரசாயனம் அவற்றை வழுக்க வைக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் இரையும், வண்டி இழுக்காது. பைக் ஆயில் கேனில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ (ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தர முத்திரை) என்று இருக்க வேண்டும்.

ஒரே கேன்தான் வேண்டுமென்றால் 10டபிள்யூ-30 எம்ஏ வாங்குங்கள். கையேட்டில் அதே கிரேடு இருந்தால் பைக், ஸ்கூட்டர், ஜெனரேட்டர் மூன்றுக்கும் ஆகும். மிஞ்சிய கார் ஆயில் ஃபோர் ஸ்ட்ரோக் ஜெனரேட்டருக்குப் போகட்டும்.

புல்வெட்டி டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் இன்ஜின்) என்றால் அதற்கான 2டி ஆயில் மட்டுமே. 50:1 கலவைக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 2டி ஆயில் ஊற்றுங்கள். அதற்குப் பதில் கார், பைக் இன்ஜின் ஆயிலைக் கலந்தால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரியும் சாம்பலும் அடையும்.