ராயபுரத்தில் இருக்கும் 70 வயது மாமாவுக்கு 25,000 ரூபாய்க்குள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?

மாமா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண் கொஞ்சம் மங்கல், செய்தி படிக்க, யூடியூப் பார்க்க, ஈ.பி. பில் கட்ட, வெளியூர்ப் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். புது லேப்டாப்பா, பழைய டெஸ்க்டாப்பா என்பது உங்கள் குழப்பம்.

சிபியு பெட்டியைப் பழசாக வாங்குங்கள், மானிட்டரைப் புதிதாக வாங்குங்கள். ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து விற்கிற மினி டெஸ்க்டாப், 22 அல்லது 24 இஞ்ச் மானிட்டர். மாமா பார்க்கப்போவது திரையை, தொடப்போவது கீபோர்டையும் மவுஸையும். பெட்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கப்போவதில்லை. காசை எங்கே போட வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இந்த ஞானம் எனக்கு முதலிலேயே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் என் அத்தை இருக்கிறார், 67 வயது. நாற்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறார், மகளிர் குழுக் கணக்கும் அவர் கையில்தான். போனில் டிசைன் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது என்றார். 2022இல் பெயர் தெரிந்த ஒரு கம்பெனியின் புது லேப்டாப்பை ஆஃபரில் வாங்கிக் கொடுத்தேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். அந்த 64 ஜிபி எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் கூட இல்லை. இஎம்எம்சி என்று போர்டோடு சேர்ந்தே வருகிற மெமரி, கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸே பாதி இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. எட்டு மாசத்தில் அப்டேட் இறங்க இடமில்லை, இடம் காலி செய் என்று தினமும் ஒரே பாட்டு. ஒரு வீடியோ திறப்பதற்குள் அத்தை இரண்டு ஹூக் வைத்துவிடுவார். "இன்னாடா இது, என் மிஷினுக்கு எண்ணெய் போட்டா ஓடுது, இதுக்கு இன்னா போடணும்?" என்று கேட்டார். பதில் இல்லை. புதுசு என்ற ஒரே காரணத்துக்காக ஏமாந்தேன். அந்த விலைக்குக் கிடைக்கிற புது லேப்டாப்பில் எங்கேயாவது கை வைத்துத்தான் விலையைக் குறைத்திருப்பார்கள், அது பெரும்பாலும் நமக்குத் தேவையான இடமாகத்தான் இருக்கும்.

இப்போது பெட்டி. பெரிய ஆபீஸ்களில் நாலைந்து வருஷம் ஓடிய டெஸ்க்டாப்களை மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். அவற்றைச் சுத்தம் செய்து, எஸ்எஸ்டி போட்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விற்கிறார்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி மூன்றுமே ஒரு கெட்டி அட்டை நோட்டுப்புத்தகம் அளவுக்குத்தான் இருக்கும். நான் 2024இல் அத்தைக்கு வாங்கியதை மஞ்சப்பையில் வைத்து மெட்ரோவிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

கடையில் பிராசசர் "ஐ5 சார்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்தான் தலைமுறை (பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு எண்). மினி பெட்டிகளில் கடைசியில் ஒரு டி சேர்ந்திருக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை, அது நல்லதுதான். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். பழைய பெட்டியிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் அது மக்கர் செய்தால் உங்கள் போன்தான் அடிக்கும்.

8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். மெதுவாக ஓடும் பழைய வகை ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெரியவர்களுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள், கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, செட்டிங்ஸில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸ் பெட்டிகளில் லைசென்ஸ் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும். அதைப் போட்டுக் காட்டச் சொன்னாலே கடைக்காரர் பேச்சில் ஒரு மரியாதை வரும்.

ஒரு சின்ன விஷயம் என்னை இரண்டாவது முறை அலையவிட்டது. அத்தைக்கு வாங்கிய பெட்டியில் இருந்தது டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் இருந்தது ஹெச்டிஎம்ஐயும் விஜிஏவும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த ஒயரும் எதிலும் போகவில்லை. பெட்டியின் பின்பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டு மானிட்டர் வாங்குங்கள். மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. டெஸ்க்டாப்பில் கேமராவும் கிடையாது. பிள்ளைகளோடு பேச வெப்கேம் தனியாக வேண்டும், அதிலேயே மைக் வந்துவிடும்.

மானிட்டரை வைக்கும் உயரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தை வீட்டில் மேஜை போட இடமில்லை. பழைய தையல் மிஷின் ஒன்று, தலையை உள்ளே மடக்கிவிட்டால் மேலே பலகை. அதன்மேல்தான் கம்ப்யூட்டர். எங்கேயோ படித்ததை நம்பி, திரை கண் மட்டத்துக்கு வரட்டும் என்று நாலு தடிமனான பழைய டயரிகளை அடுக்கி அதன்மேல் மானிட்டரை வைத்தேன். ஒரு வாரத்தில் அத்தைக்குக் கழுத்து வலி. உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் போடுவது பைஃபோகல் கண்ணாடி, கிட்டத்தில் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. திரையை அந்தக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி முகவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டயரிகளை எடுத்துவிட்டு, திரையைக் கீழே இறக்கி லேசாகப் பின்னால் சாய்த்தேன். வலி போய்விட்டது. மாமா பைஃபோகலோ புரோகிரஸிவ்வோ போடுகிறவர் என்றால் மானிட்டர் தாழ்ந்தே இருக்கட்டும். எழுத்தளவை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். மவுஸ் அம்புக்குறியைப் பெரிதாக்கி வேறு நிறம் கொடுங்கள். கண் மங்கல் என்கிறீர்களே, புரையா என்று பார்த்தாயிற்றா? ராயபுரத்திலிருந்து எழும்பூர் கண்ணாஸ்பத்திரி பக்கம்தான், 1819இலிருந்து இருக்கிறது. அது சரியானால் 22 இஞ்சே தாராளம்.

கீபோர்டு, மவுஸ் இரண்டும் ஒயர் வைத்ததே வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தது தெரியாமல் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று போன் வராது. டபுள் கிளிக் பழக ஒரு மாசம் ஆகும், அதன் வேகத்தை மவுஸ் செட்டிங்ஸில் குறைத்துவையுங்கள். அத்தைக்கு வந்தது நேர்மாறான சிக்கல். பழகியபிறகு எல்லாவற்றையும் இரண்டு தட்டு தட்டினார். ஒரு முறை ஈ.பி. பில் இரண்டு தடவை போய்விட்டது, அடுத்த பில்லில் கழிந்தது. தமிழ் டைப் செய்ய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. கூகுள் டாக்ஸில் மைக்கை அழுத்திவிட்டு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறார், அது எழுதிக்கொள்கிறது. நடுவில் குக்கர் விசில் அடித்தால் ஏதாவது ஒரு வார்த்தை கூடுதலாக விழும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள் இரண்டு. முதலாவது கடல் காற்று. காசிமேடு, ராயபுரம் பக்கம் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும்போது கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஒரு நாள் பெட்டியில் லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. பயப்படாதீர்கள், மதர்போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன் நிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பல தடவை அதிலேயே உயிர் வந்துவிடும். அத்தை பெட்டிக்கு இரண்டு முறை செய்திருக்கிறேன்.

இரண்டாவது தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. தரையில் வைத்திருந்த என் பழைய சிபியு அதோடு போனது. மாமா வீடு கீழ்த்தளம் என்றால் பெட்டியும் யுபிஎஸ்ஸும் எக்ஸ்டென்ஷன் போர்டும் தரையில் இருக்கவே கூடாது. மினி பெட்டியில் இது ஒரு சௌகரியம், மானிட்டர் முதுகிலேயே மாட்டிவிட பிராக்கெட் கிடைக்கிறது (மானிட்டரில் அதற்கான திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள்).

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாமே என்று இங்கே யாராவது வந்து சொல்வார்கள். லினக்ஸ் மின்ட் நன்றாகவே இருக்கும், இலவசம், வைரஸ் தொல்லை குறைவு. நானே அத்தைக்கு ஒரு மாசம் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் ஒரு நாள் தகராறு செய்தபோது நான் ஊரில் இல்லை, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் தம்பி வந்து பார்த்துவிட்டு "இது எனக்குத் தெரியாதுக்கா" என்று போய்விட்டான். விண்டோஸுக்கே திரும்பினேன். அவசரத்துக்கு ஓடி வருகிறவனுக்கு எது தெரியுமோ அதைப் போடுங்கள்.

மாமாவின் அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டு யூசராக வையுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுவிடுங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று சத்தத்தோடு வரும் பக்கங்களில் பாதி அதிலேயே நின்றுவிடும். அத்தைக்கு ஒரு தடவை வந்து, பயந்து மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். நான் மெச்சினேன், அந்த நம்பருக்கு அழைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஓய்வூதியக்காரர்களைக் குறிவைத்து வரும் போன்கள் அதிகம். எந்த வங்கியும் ஆப் போட்டுத் திரையைக் காட்டச் சொல்லாது என்பதையும், காசு போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள். உயிர்வாழ் சான்றிதழுக்காகத்தான் கம்ப்யூட்டர் என்று மாமா நினைத்திருந்தால், ஜீவன் பிரமாணை போனிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம்.

கணக்கு சொல்கிறேன். எனக்கு பெட்டி 13,500, மானிட்டர் 6,800, யுபிஎஸ் 2,800, வெப்கேம் 1,300, கீபோர்டும் மவுஸும் 850, ஸ்பீக்கர் 450, அந்தப் பாழாய்ப்போன கேபிள் 350. மொத்தம் 26,050. இது 2024 விலை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டதால் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ் காசு மிச்சம், இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் பெட்டியில் ஐ5க்குப் பதில் எட்டாம் தலைமுறை ஐ3 போதும். மானிட்டரில் மட்டும் குறைக்காதீர்கள். பழைய மானிட்டர் மலிவாகக் கிடைக்கும், 17 இஞ்ச் சதுரம், மஞ்சள் அடித்துப்போயிருக்கும். மங்கலான கண்ணுக்கு அதைக் கொடுப்பது பாவம்.

வாங்குவதற்கு முன் ஒரு யோசனை. சொந்தத்தில் யாரிடமாவது அரசு கொடுத்த இலவச லேப்டாப் பரணில் தூங்குகிறதா பாருங்கள். 2011இலிருந்து கொடுத்ததால் நம் பக்கம் தெருவுக்கு நாலாவது இருக்கும். அதை இரண்டு வாரம் மாமாவிடம் கொடுத்துப் பாருங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் அவர் தினமும் உட்காருகிறாரா, இரண்டாம் நாளே மூடி வைத்துவிட்டுப் போனுக்குத் திரும்புகிறாரா என்பது தெரிந்துவிடும். போனுக்குத் திரும்பினால் அந்தக் காசில் ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம்.

உட்காருகிறார் என்றால், வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். முடிந்தால் மாமாவையும் அழைத்துக்கொண்டு போய், கடையில் மவுஸைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் பெட்டியின் சீரியல் எண்ணும் வாரண்டி எத்தனை மாசம் என்பதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்கிற "ஒரு வருஷம் சார்" தெருமுனை தாண்டினால் செல்லாது.