ஓட்டை என்ற சொல்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். உங்கள் தங்கையின் இதய ஆபரேஷன் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் பெண் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிறது. தடுப்பூசி போடப் போன இடத்தில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த டாக்டர், ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்ததில் இதயத்தில் ஓட்டை, டாக்டர்கள் மொழியில் விஎஸ்டி, நடுச்சுவரின் தசைப் பகுதியில் 3 மில்லிமீட்டர் என்று வந்தது. மருந்து எதுவும் தரவில்லை. "எடை நன்றாக ஏறுகிறது, மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஓட்டையை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? பிறந்தபோது பார்த்தவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஏழாம் மாதத்தில் நான் கனமான பெட்டியைத் தூக்கியதில் போய் நிற்கிறது பேச்சு. இரவில் அவள் நெஞ்சில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். என்னால்தான் வந்ததா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்களால் வரவில்லை.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கரு உருவான மூன்று வாரத்திலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது அது வெறும் ஒரு குழாய். அந்தக் குழாய் வளைந்து, அறைகளாகப் பிரிந்து, நடுவில் சுவர் எழும்பி முடிவது ஏறக்குறைய எட்டாவது வாரத்துக்குள். தான் கர்ப்பம் என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவரும் நாட்களில் பாதி வேலை முடிந்திருக்கும். ஏழாம் மாதத்தில் நீங்கள் பெட்டியைத் தூக்கினீர்கள் என்றால், அந்தச் சுவர் கட்டி முடிந்து மாதங்கள் ஆன பிறகு தூக்கியிருக்கிறீர்கள்.

எனக்கு "இதயத்தில் ஓட்டை" என்ற பேச்சே பிடிக்காது. எதில் ஓட்டை விழுந்தாலும் யார் இடித்தது, யார் கீழே போட்டது என்றுதான் நம் மனம் ஆளைத் தேடும். கூடவே ஒழுகும் பாத்திரம் ஒன்று கண்முன் வந்துவிடும். உங்கள் மகளின் இதயத்தில் எதுவும் கிழியவும் இல்லை, உடையவும் இல்லை. இரண்டு கீழறைகளுக்கு நடுவில் எழும்பிய சுவரில் ஓரிடம் மூடாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ரத்தம் வெளியே எங்கும் ஒழுகுவதில்லை. நுரையீரலுக்குப் போய் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு வந்த ரத்தத்தில் கொஞ்சம், உடம்புக்குப் போகாமல் அந்த இடைவெளி வழியாக வலது பக்கம் வந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. சீட்டு வாங்கியவரே திரும்பவும் வரிசையில் வந்து நிற்பதுபோல. இடைவெளி சின்னதாக இருந்தால் வரிசை கொஞ்சம்தான் நீளும், நுரையீரல் சமாளித்துக்கொள்ளும். பெரிதாக இருந்தால் நுரையீரலிலும் இதயத்திலும் சுமை ஏறும்.

பிறந்தபோது ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்போது கேட்பதற்குச் சத்தமே இருந்திருக்காது. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை, அதன் ரத்தக்குழாய்கள் இறுகியிருக்கும். பிறந்த பிறகும் அவை முழுதாகத் தளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இதயத்தின் இரண்டு பக்கமும் அழுத்தம் அதிகம் வேறுபடாது, இடைவெளி வழியாக ரத்தம் வேகமாகப் பாயாது. வலது பக்க அழுத்தம் குறையக் குறையத்தான் சத்தம் வெளியே வரும். அதனால்தான் பல குழந்தைகளுக்கு விஎஸ்டி இருப்பது தடுப்பூசி போடப் போகும்போது தெரியவருகிறது. அன்று பார்த்தவர்கள் மீது கோபம் வேண்டாம்.

சத்தம் பலமாக இருந்தால் ஓட்டை பெரிது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதையும் நம்ப வேண்டாம். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்துப் பாருங்கள், எப்படிச் சீறுகிறது! சின்ன இடைவெளிதான் பெரும்பாலும் அதிகம் இரையும். சத்தத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் குழந்தையைப் பாருங்கள்.

என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். பால் குடிக்கும் நேரம்தான் இந்த வயதுக் குழந்தைக்கு ஓட்டப்பந்தயம். சிரமப்படும் இதயம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். நெற்றியில் முத்து முத்தாக வியர்ப்பது, நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கி விட்டுவிடுவது, குடித்து முடிக்காமலே களைத்துத் தூங்கிப்போவது, தூங்கும்போதும் விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சு இழுப்பது. அயர்ந்து தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். தொடர்ந்து 60-க்கு மேல் போனாலோ, மேலே சொன்னவை தெரிந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போங்கள். உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இப்போது அவள் எடை ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

ஆகவே டாக்டர் சும்மா இருக்கச் சொல்லவில்லை. தசைப் பகுதியில் உள்ள சின்ன இடைவெளிகளில் நிறைய, முதல் சில வருடங்களில் சுவர் வளர்வதோடு தாமாகவே மூடிக்கொள்கின்றன. அதற்கு அவகாசம் கொடுத்துக் கண்காணிப்பதும் வைத்தியம்தான். பெரிய இடைவெளிக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை வருடக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலின் குழாய்கள் தடித்து இறுகிவிடும், பிறகு மூடவே முடியாத நிலை வரும். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும் அடுத்த எக்கோவைத் தவறவிடாதீர்கள். தடுப்பூசிகளையும் தள்ளிப்போடாதீர்கள். பல் முளைத்த பிறகு பல்லையும் ஈறையும் சுத்தமாக வைப்பது இந்தக் குழந்தைகளுக்கு இரட்டிப்பு முக்கியம். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி, அந்த இடைவெளியின் ஓரத்தில் தங்கிவிடக்கூடும்.

ஒருவேளை மூட வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள். 1954 மார்ச்சில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லஹெய் என்ற சர்ஜன் ஒரு வயதுக் குழந்தையின் விஎஸ்டியை மூடினார். இன்று இருப்பது போன்ற இதய-நுரையீரல் இயந்திரம் அப்போது அவர் கையில் இல்லை. குழந்தையின் ரத்தக்குழாய்களை அதன் அப்பாவின் ரத்தக்குழாய்களோடு இணைத்து, அப்பாவின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் உழைக்க, குழந்தையின் இதயத்தைத் திறந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், சில நாட்களில் நிமோனியாவால் குழந்தை இறந்துவிட்டது. அதே முறையில் 45 பேருக்குச் செய்தார்கள், 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பக்கத்து மேஜையில் படுத்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்று இது குழந்தை இதய சர்ஜன்கள் வழக்கமாகச் செய்யும் ஆபரேஷன்.

என் தங்கைக்கு இருந்தது உங்கள் மகளுக்கு இருப்பது அல்ல. இரண்டையும் ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். அவளுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலட். சுவரில் பெரிய இடைவெளி, நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகல், தடித்த வலது அறை, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி இடம் மாறி உட்கார்ந்திருப்பது என்று நான்கும் சேர்ந்து வருவது. ஓடிப்பிடித்து விளையாடும்போது பாதியில் நின்று குந்தி உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டும், நகங்கள் ஊதா நிறத்தில் இருக்கும். சோம்பேறி என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். குந்தும்போது கால்களின் ரத்தக்குழாய்கள் அழுந்தி, உடம்புப் பக்கத்து அழுத்தம் ஏறி, அதிக ரத்தம் நுரையீரலுக்குத் திரும்பும். யாரும் சொல்லித்தராமல் அந்த உடம்பு தானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு வயதில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் ஓடிப்போய்க் கதவைத் தொட்டுவிட்டு நின்றாள். குந்தவில்லை. அம்மா கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு வருடம் முன்பு, நாற்பது வயதில், தங்கைக்கு இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வை மாற்ற வேண்டி வந்தது. ஃபாலட் ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு அது தேவைப்படும். அதனால்தான் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்போது அம்மா அந்த இளம் டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "இவள் வயிற்றில் இருந்தபோது அஞ்சாம் மாசம் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டேன், அதனாலயா?" நாற்பது வருடமாக அந்த ஒற்றை மாத்திரையை அவள் சுமந்திருக்கிறாள், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சாம் மாசத்துக்கு ரொம்ப முன்னாடியே இதயம் கட்டி முடிஞ்சிடும்மா" என்றார்.

உங்கள் வீட்டில் பேசுகிறவர்களுக்கு அந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வரும் ருபெல்லா, கட்டுப்படாத சர்க்கரை, சில குறிப்பிட்ட மருந்துகள், குரோமோசோம் மாற்றங்கள் என்று தெரிந்த காரணங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ன காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடிவதில்லை. அடுத்த குழந்தை பற்றி யோசித்தால், இதே குறை திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதுவும் நூற்றுக்குச் சில என்ற அளவில்தான். 18 முதல் 22 வாரத்துக்குள் கருவுக்கே எக்கோ எடுத்துப் பார்க்கலாம்.

இன்று இரவு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள். மூன்று மாத எக்கோ முடிந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
அண்ணா